சர்வர் அறையில் பூண்டு மூட்டை

அத்தியாயம் 14

"அத்தை, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். இன்னைக்கு ஒரு நாள் மட்டும் எதையும் மாத்தாதீங்க" என்று கும்பிடாத குறையாகச் சொல்லிவிட்டுத்தான் ரம்யா செருப்பை மாட்டினாள்.

"சட்னியில மொளகாயைக் கொறைக்கணும்னாலும் உங்கிட்ட மனுக் குடுக்கணுமா தாயி?" என்றாள் பொன்னுத்தாய், அடுப்படியிலிருந்து.

"சட்னியை விடுங்க. கீசரையும் அயர்ன் பாக்ஸையும் ஒண்ணாப் போட்டு ஃபியூஸைப் போக்கிராதீங்க. அப்புறம் அவங்க கசங்குன சட்டையோட ஸ்கூலுக்குப் போவாங்க."

"போனாப் போறான். பிள்ளைக என்ன சட்டையவா பாக்குதுக, கணக்கைப் பாக்குதுக."

மருமகளின் ஆபீஸ் பாஷை பொன்னுத்தாய்க்குத் தண்ணிபட்ட பாடு. அரிசியைக் கடை மாற்றி வாங்கினால் 'சேஞ்சு' என்பாள். கேஸ் தீர்ந்துபோனால் 'இன்சிடென்ட்' என்பாள். நாயுடுபுரத்தில் அந்தத் தெரு முழுக்க, கணினி நிர்வாகத்தைப் பற்றி இவ்வளவு தெரிந்த மாமியார் வேறு கிடையாது. அந்தப் பெருமை ரம்யாவுக்கு உண்டு. அதே பெருமைதான் இன்றைக்கு அவள் தலையில் விழப்போகிறது என்று அந்த நேரத்தில் அவளுக்குத் தெரியாது.

வாசலில் அவள் கணவன், கணக்கு வாத்தியார் அஜய் நின்றிருந்தான். பனியில் அவன் கண்ணாடி வெளுத்திருந்தது.

"குடை எடுத்துக்கிட்டியா?"

"எடுத்துக்கிட்டேங்க."

"நல்லபடியா முடியும்."

"ம்."

இவ்வளவுதான். ஐந்து நாளாக இப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. பால், குடை, உப்பு எல்லாவற்றையும் பற்றிப் பேசுகிறார்கள். பேசவேண்டிய ஒன்றைத் தவிர. அந்த வீட்டில் இருவரும் மரியாதையாகப் பேசிக்கொண்டால் ஏதோ சரியில்லை என்று அர்த்தம்.

போன வாரம் படித்தவர்களுக்கு அந்தக் கதவு ஞாபகமிருக்கும். "ஒருவேளை ஆபீஸ் கோயம்புத்தூருக்குப் போயிருச்சுன்னா, நீயும் போயிருவியா?" என்று அஜய் கேட்டதும், ரம்யா பதில் சொல்லாமல் சாத்திக்கொண்ட அதே படுக்கையறைக் கதவுதான். போகவும் மனசில்லை, வேலையை விடவும் மனசில்லை, அழுவதை அவனுக்குக் காட்டவும் மனசில்லை. அதனால் சாத்தினாள். கதவுக்கு அந்தப் பக்கம் நின்றவனுக்கு இதில் எதுவும் கேட்டிருக்காது.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக இன்னும் இரண்டு வரி. ரம்யா பூம்பாறையில் பூண்டு போடுகிற திருமலைச்சாமியின் மூத்த மகள். வெண்முகில் ஹோட்டல்கள் என்று மலைக்கு ஒன்றாக ஏழு இருக்கின்றன. அந்த ஏழுக்கும் கணினிப் பிரிவின் தலைவி. மூணாறில் அறை போடுகிறவருக்கும் ஏற்காட்டில் பில் கட்டுகிறவருக்கும் பதில் சொல்வது கொடைக்கானலில் உள்ள பழைய ஹோட்டலின் பின்கட்டில், ஒரு சின்ன அறையில் முணுமுணுத்துக்கொண்டிருக்கும் சர்வர்கள்தான். 'மழையும் பனியுமாக ஊறிக் கிடக்கிற இடத்தில் எதற்கு இது, எல்லாவற்றையும் கோவைக்குக் கொண்டுவாருங்கள்' என்றது தலைமை அலுவலகம். ரம்யா விடவில்லை. "வெளியாள் ஒருத்தரை விட்டுப் பாருங்க. நாங்க ஒழுங்கா நடத்தலைன்னு அவர் சொன்னா நானே மூட்டை கட்டுறேன்" என்று சவால் விட்டுவிட்டாள்.

அந்த வெளியாள் நேற்றே வந்து இறங்கிவிட்டார். அவர் வாயிலிருந்து வருகிற சொல்லில்தான் ரம்யாவும் அவளுக்குக் கீழே வேலை பார்ப்பவர்களும் மலையில் இருப்பதா இறங்குவதா என்பது இருக்கிறது.

ஏரிச் சாலையில் நடக்கும்போது போன் அடித்தது. தங்கை நதியா. பி.எட். முடித்து இரண்டு வருடமாகக் கொடைக்கானலில் இருக்கிற ஒவ்வொரு பள்ளிக்கூடத்துப் படியும் ஏறி இறங்கிக்கொண்டிருப்பவள். பேச ஆரம்பித்தால் பஸ்ஸில் இடம் கிடைக்காத கதையிலிருந்து தொடங்குவாள். 'அப்புறம் கூப்பிடுறேன்டி' என்று ஒரு செய்தி தட்டிவிட்டு ரம்யா நடையை எட்டிப்போட்டாள்.

*

சென்னையிலிருந்து வந்திருந்த மதிப்பீட்டாளர் ஞானவேல், ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் கோட், தலையில் குரங்குக் குல்லா என்று உட்கார்ந்திருந்தார். முகத்தில் தெரிந்தது கண்ணும் மூக்கும்தான். அந்தக் கண் எதையும் விடவில்லை.

"உங்க ஆளுங்க யாராவது ஒரு பாஸ்வேர்டை மாத்தணும்னு வச்சுக்கோங்க. என்ன பண்ணுவாங்க?"

"முதல்ல எழுதிக் குடுக்கணும் சார். எதுக்கு மாத்துறோம், மாத்தினா யாருக்குப் பாதிப்பு, சரியா வரலைன்னா பழையபடி ஆக்குறது எப்படின்னு. மூணு பேர் பாத்துச் சரின்னு சொன்னாத்தான் கையை வைக்கணும்."

"பழையபடி ஆக்குற வழியை எழுதலைன்னா?"

"திருப்பி அனுப்பிருவேன் சார். அது இல்லாம எந்த மாற்றமும் இங்க நடக்காது."

"ஆதாரம்?"

ரம்யா திரையில் காட்டினாள். அவர் பார்த்தார். தலையாட்டவும் இல்லை, முகம் சுளிக்கவும் இல்லை.

பெரிய கம்பெனிகள் கணினிப் பிரிவை நடத்துவதற்கென்று ஐடில், கோபிட் என்று தலையணை மாதிரிப் புத்தகங்கள் உண்டு. அவற்றை மலைக் குளிரில் கம்பளிக்குள் படித்துப் பரீட்சை எழுதித் தேறியவள் ரம்யா. அந்தச் சான்றிதழைப் பொன்னுத்தாய் சட்டம் போட்டுப் பூம்பாறைக் குழந்தை வேலப்பர் படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டி, வெள்ளிக்கிழமை தவறாமல் இரண்டுக்கும் சேர்த்துப் பத்தி காட்டிக்கொண்டிருந்தாள். புத்தகத்தில் உள்ளபடியே ரம்யா ஒரு தடையும் போட்டிருந்தாள்: மதிப்பீட்டாளர் இருக்கிற நாட்களில் யாரும் எதையும் மாற்றக்கூடாது. ஒரு ஒயரைக்கூட இடம் மாற்றக்கூடாது.

இரண்டு மாதமாக உயிரை வாங்கிக்கொண்டிருந்த சர்வர் அறை அலாரம்கூட அந்தத் தடைக்குக் கட்டுப்பட்டதுபோல இன்று வாயை மூடிக்கொண்டிருந்தது. அது ஏன் என்பது ரம்யாவுக்கு மட்டும் தெரியும்.

"அடுத்தது" என்று ஞானவேல் பேனாவை எடுத்தார். "ஒருநாள் எல்லாமே நின்னுபோச்சுன்னு வைங்க..."

வைப்பதற்கு அவசியம் இல்லாமல் போயிற்று. ரம்யாவின் முன்னால் இருந்த திரை அப்படியே உறைந்தது. முன்கூடத்திலிருந்து வரவேற்புப் பெண் ஜூலியட்டின் குரல் வந்தது. "மேடம்! சிஸ்டம் போச்சு! திருப்பூர்ல இருந்து கல்யாணப் பார்ட்டி, பஸ் வந்து நிக்குது!"

அதே நிமிடம் மேஜைப் போன், கைப்போன், பக்கத்து மேஜைப் போன் எல்லாம் ஒன்றாக அலறின. கைப்போனில் வந்தது நதியா. ரம்யா அதை வெட்டிவிட்டு எழுந்தாள்.

"சார், டீ ஆறிரும், குடிச்சிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னாள். பிறகு பின்கட்டுக்கு ஓடினாள்.

*

சர்வர் அறைக் கதவைத் திறந்ததும் முதலில் முகத்தில் அடித்தது வெப்பம். அடுத்தது வாசனை.

பூண்டு வாசனை. ஏதோ ஓர் ஊர்ப் பூண்டு இல்லை. கண்ணைக் கட்டிவிட்டாலும் ரம்யா அடையாளம் சொல்வாள்; பூம்பாறைப் பூண்டு.

சர்வர் அடுக்குக்குப் பின்னால், சுடச்சுடக் காற்று வருகிற இடம் பார்த்து, இரண்டு மூட்டைகள் வாய் பிரிந்து கிடந்தன. பக்கத்தில் விரித்த பழைய சேலையில் பூண்டு பரப்பிக் கிடந்தது. அந்தச் சேலையும் ரம்யாவுக்குத் தெரிந்த சேலைதான். போன தீபாவளிக்கு அவளே மாமியாருக்கு எடுத்துக் கொடுத்தது. சுவரில் ஏசி ஊமையாக இருந்தது.

அவளுக்குப் பின்னால் வந்து நின்ற ஆக்னல் கையைப் பிசைந்தான். அந்த அறையைப் பார்த்துக்கொள்வது அவன் சோலி. நாயுடுபுரத்தில் ரம்யா வீட்டுக்கு எதிர்வீடு அவன் வீடு.

"பெரியம்மா காலையில நீங்க நடந்து வந்து சேர்றதுக்குள்ள ஆட்டோவுல கொண்டுவந்தாங்க மேடம். ஒரு ஓரமா வச்சிட்டுப் போயிருறேன்னாங்க. நான் கதவைத் திறந்துவிட்டுட்டு ஜெனரேட்டருக்கு டீசல் ஊத்தப் போயிட்டேன். ஏசியை நிப்பாட்டுவாங்கன்னு கனவுல கண்டேனா?"

"அந்நிய ஆளை உள்ள விடக்கூடாதுன்னு எழுதி ஒட்டியிருக்குல்ல ஆக்னல்?"

"பெரியம்மா எப்படி மேடம் அந்நிய ஆளு? நேத்து ராத்திரி எங்க வீட்டுக்குக் கருவாட்டுக் குழம்பு குடுத்தாங்களே."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை ரம்யாவுக்கு. ஆக்னல் குரலைத் தணித்தான்.

"மேடம், அந்தக் குல்லாக்காரர் வர்றதுக்குள்ள மூட்டையைத் தூக்கி ஜெனரேட்டர் ஷெட்டுல தள்ளிருறேன். ஏசி கம்ப்ரசர் போச்சுன்னு சொல்லிருவோம். எவனுக்குத் தெரியும்?"

நல்ல யோசனைதான். கம்ப்ரசர் எங்கேதான் போகாது? யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். ஆபீஸ் இங்கேயே இருக்கும். அஜயின் கேள்விக்குப் பதிலே தேவைப்படாது. அத்தையின் பெயரும் கெடாது. ரம்யா அந்த மூட்டைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். மனசு 'தூக்கச் சொல்' என்றது. உண்மையாகவே சொன்னது.

"வேணாம்" என்றாள். "இருக்கிற இடத்துலயே இருக்கட்டும். முதல்ல ஏசியைப் போடு. பெரிய ஹால்ல இருக்கிற ஸ்டாண்டு ஃபேன் ரெண்டையும் வெரசாத் தூக்கிட்டு வா. ஜன்னலைத் திறந்துராத, பனி உள்ள வந்துரும்."

பிறகு நடந்தது, அவள் மாதாமாதம் ஒத்திகை பார்க்கவைத்து எல்லோரும் அலுத்துக்கொண்ட விஷயம். ஏழு ஹோட்டலையும் ஒரே அழைப்பில் கூப்பிட்டாள்.

"எல்லாரும் கேளுங்க. சிஸ்டம் விழுந்திருச்சு. நாம பழகினபடி நோட்டுல எழுதுற கைவேலைக்கு மாறுங்க. யாரும் கஸ்டமர்கிட்ட 'சிஸ்டம் இல்லை, உக்காருங்க'ன்னு சொல்லக்கூடாது. சாவியைக் குடுத்து ரூமுக்கு அனுப்புங்க, பேரை அப்புறம் ஏத்திக்கலாம்."

"வால்பாறை மாறியாச்சு மேடம்!"

"ஏற்காடு மாறியாச்சு!"

"மூணாறுல ஏற்கெனவே கரண்டே இல்ல மேடம், நாங்க காலையில இருந்தே கைவேலைதான்!"

அந்தப் பதற்றத்திலும் ஏழு ஊரும் சிரித்தது. முன்கூடத்தில் ஜூலியட் கல்யாணப் பார்ட்டியை மாப்பிள்ளை வீடு, பெண் வீடு என்று பிரித்துச் சாவியைக் கொடுத்து, பாட்டிமார்களுக்குக் கீழ்த்தள அறை போட்டு, எல்லோருக்கும் சுக்குக் காப்பி வரவழைத்துவிட்டாள். கணினி இருந்திருந்தால்கூட இவ்வளவு சீக்கிரம் நடந்திருக்காது என்று பிறகு எல்லோரும் சொல்லிக்கொண்டார்கள்.

அறை ஆறியது. ரம்யா ஒவ்வொன்றாக உயிர் கொடுத்தாள். மதியச் சாப்பாட்டுக்குள் ஏழு ஊரிலும் திரை பழையபடி எரிந்தது.

திரும்பிப் பார்த்தாள். கதவருகே ஞானவேல் ஆறிப்போன டீயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ! குல்லாவைக் காதுக்கு மேல் தூக்கிவிட்டு மூக்கை உறிஞ்சினார்.

"இது என்னம்மா, பூண்டா?"

"ஆமா சார். எங்க மாமியார் வச்சது."

ஆக்னல் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

*

அந்த ஆபீஸில் ஒரு விதி உண்டு. எது கெட்டுப்போனாலும் அன்றைக்கே எல்லோரும் வட்டமாக உட்காருவார்கள். 'யார் செய்தது' என்று கேட்கக்கூடாது. 'எப்படி நடக்க முடிந்தது' என்றுதான் கேட்கவேண்டும். யார் என்று கேட்டால் ஆள் ஒளிந்துகொள்வான், எப்படி என்று கேட்டால் ஓட்டை தெரியும் என்று ரம்யா எல்லோருக்கும் வகுப்பு எடுத்திருந்தாள். அடுத்தவர் மாமியாராக இருந்தவரை அது சுலபமான வகுப்பு.

ஆக்னல் போய் அழைத்துவர, பொன்னுத்தாய் தலையில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். வழியிலேயே ஆக்னல் எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். முகம் செத்துப்போயிருந்தது.

"அத்தை, பயப்படாதீங்க. யாரும் உங்களைத் திட்டப் போறதில்லை. பூண்டை ஏன் கொண்டுவந்தீங்க?"

"விதைப்பூண்டு தாயி. உங்க அப்பா வீட்டுப் பூண்டுதான்" என்றாள் பொன்னுத்தாய், குரல் எழும்பாமல். "இந்த மழையில பரண் ஒழுகி அம்புட்டும் நனையுதுன்னு சம்பந்தி போன்ல சொன்னாரு. ஊனுறதுக்குள்ள அழுகிப்போச்சுன்னா இந்தப் போகமே போச்சுல்ல. பஸ்ஸுல போட்டு விடுங்க, நான் காய வைக்கிறேன்னு சொல்லிட்டேன். உனக்கே ஆயிரம் சோலி கெடக்குன்னு உங்கிட்டச் சொல்லலை."

அப்பா வீட்டுப் பரண் ஒழுகுவது ரம்யாவுக்கே தெரியாது.

"ஏன் இந்த ரூமுக்குக் கொண்டுவந்தீங்க?"

"ஆயுத பூசைக்குச் சந்தனம் வைக்க வந்தப்போ பாத்தேன்ல. ஊரெல்லாம் நசநசன்னு கெடக்கையில, அந்தப் பொட்டிக்குப் பின்னால மட்டும் கதகதன்னு காத்து வருது. பூண்டு காய வைக்கிற பரண் மாதிரியே இருந்துச்சு."

"ஏசியை ஏன் நிப்பாட்டினீங்க?"

"ஏந்தாயி, மனுசன் ரெண்டு போர்வை போத்தியும் பல்லு கிட்டுது. இந்த ஊர்ல போயி எவனாவது ஏசி போடுவானா? யாரோ மறந்து போட்டுட்டுப் போயிட்டாகன்னு அமத்துனேன். கரண்டு பில்லு உங்க கம்பெனிக்குத்தானே மிச்சம்!"

வட்டத்தில் ஒருவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஞானவேலின் குல்லாவே குலுங்கியது. அவரும் வந்து இறங்கியதிலிருந்து அதையேதான் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்தாரோ என்னவோ.

அவர்தான் அடுத்த கேள்வியைக் கேட்டார். சிரிப்பு போய்விட்டிருந்தது.

"சரி. ஏசி நின்னது காலையில. ரூம் சூடாக மணிக்கணக்காகியிருக்கும். சூடு ஏறினா கத்துறதுக்கு ஒரு அலாரம் இருக்கணுமே. அது ஏன் கத்தலை?"

எல்லோரும் ஆக்னலைப் பார்த்தார்கள். ஆக்னல் மேலே பார்த்தான். அவனுக்குத் தெரியாது. அலாரம் பழையது, ரிப்பேர் என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். யாரும் தோண்ட மாட்டார்கள்.

ரம்யாவுக்குக் காது சூடாயிற்று. ஆபீஸும் வீடும் கணவனும் இந்த மலையும் ஒரு பக்கம். அவளே ஊருக்கெல்லாம் எடுத்த வகுப்பு ஒரு பக்கம்.

"நான்தான் சார் அதை அமத்தி வச்சேன்."

ஞானவேல் பேனாவைத் திறந்தார்.

"பனி இறங்கினா ஈரத்துக்கே அது கத்தும். நீங்க இருக்கும்போது கத்தி மானத்தை வாங்கிரும்னு, நேத்து சாயங்காலம் எல்லாரும் போனப்புறம் நிப்பாட்டினேன். எழுதலை. யார்கிட்டயும் கேக்கலை. திரும்பப் போடுறது எப்போன்னும் யோசிக்கலை. யாரும் எதையும் மாத்தக்கூடாதுன்னு தடை போட்டதே நான்தான். அதை முதல்ல மீறினதும் நான்தான். அது கத்தியிருந்தா, பூண்டும் காஞ்சிருக்காது, சிஸ்டமும் விழுந்திருக்காது. அத்தை மேல தப்பில்லை."

சொல்லி முடித்ததும் அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடக் கொஞ்சம் அதிகமாக நிம்மதியாக இருந்தது.

ஞானவேல் வெகுநேரம் எழுதினார். பிறகு பேனாவை மூடினார்.

"நான் எத்தனையோ ஆபீஸுக்குப் போயிருக்கேம்மா. எல்லா இடத்துலயும் 'விழுந்தா என்ன செய்வோம்'னு அழகாப் பேப்பர்ல எழுதி வச்சிருப்பாங்க. கண்ணு முன்னால விழுந்து, எழுந்து, சாயங்காலத்துக்குள்ள காரணத்தையும் ஒப்புக்கிட்ட ஆபீஸை இன்னைக்குத்தான் பாக்குறேன். குறையெல்லாம் எழுதுவேன். ரெண்டாவது ஏசி வேணும். கதவுக்கு ஒழுங்கான பூட்டு வேணும். முதல் குறையா உங்க பேரையே எழுதுவேன்."

"எழுதுங்க சார்."

"கடைசி வரியில, இந்தப் பிரிவு கொடைக்கானல்லயே இருக்கட்டும்னும் எழுதுவேன்."

ஆக்னல் விசிலடித்தே விட்டான். ரம்யாவுக்கு உடனே அஜயின் முகம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

"ஐயா" என்றாள் பொன்னுத்தாய், எல்லாம் அடங்கியபின். "அப்ப என் பூண்டு?"

அதற்கும் முறைப்படி ஒரு மாற்ற விண்ணப்பம் தயாரானது. பூண்டு மூட்டைகள் சர்வர் அறையிலிருந்து ஹோட்டல் பாய்லர் அறைக்கு. பாதிப்பு: வாசனை. பழையபடி ஆக்கும் வழி: தூக்கிக்கொண்டு போய்விடுவது. மூன்று பேர் சரி என்றார்கள். மூன்றாவது ஆள் ஞானவேல்.

*

இருவரும் திரும்பி நடந்தார்கள். வீட்டு முக்கு வந்ததும் பொன்னுத்தாய் நின்றாள்.

"நான் வாக்கப்பட்டு வந்த வீட்டுல பால் பொங்கி வழிஞ்சாக்கூட 'எவ செஞ்சா'ன்னுதான் கேப்பாங்க தாயி. நான் செய்யலைன்னாலும் நான்தான்னு ஆயிரும். இத்தனை வயசுக்கு இன்னைக்குத்தான் ஒருத்தி எங்கிட்ட எப்படி நடந்துச்சுன்னு கேட்டிருக்கா."

மஃப்ளர் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ரம்யா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவர் கையிலும் ஒரே பூண்டு வாசனை.

அஜய் வந்தபோது வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. கையில் சாக்லேட் பெட்டி. ஊரைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள்தான் அதை வாங்குவார்கள். உள்ளூர்க்காரன் வாங்குகிறான் என்றால் ஏதோ பெரிய விஷயம்.

"உனக்கு யார் சொன்னா?" என்று ரம்யா குதிக்காத குறையாக ஓடினாள். சந்தோஷத்தில் 'ங்க' போய்விட்டது. "பாஸாயிட்டோம்! ஆபீஸ் எங்கயும் போகலை. நான் எங்கயும் போகலை. இங்கதான்!"

அஜய் சாக்லேட் பெட்டியை மேஜையில் வைத்தான். மெதுவாக உட்கார்ந்தான்.

"போகலையா?"

"என்ன, சந்தோஷமில்லையா உங்களுக்கு?"

"ரம்யா, நான் ஒரு காரியம் பண்ணிட்டேன். அன்னைக்கு நீ கதவைச் சாத்துனதும், போறதுன்னு முடிவு பண்ணிட்டே, எங்கிட்டச் சொல்லத்தான் சங்கடப்படுறேன்னு நெனச்சேன். உன்னை அங்க தனியா விட்டுட்டு நான் இங்க என்ன பண்ணப்போறேன்? கோயம்புத்தூர்ல ஒரு ஸ்கூல்ல பேசி முடிச்சிட்டேன். இங்க முந்தாநாளே ராஜினாமா குடுத்துட்டேன். நானும் உங்கூட வர்றேன்னு சொல்லத்தான் சாக்லேட்டு."

"யாரைக் கேட்டு..." என்று ரம்யா குரலை உயர்த்தினாள்.

"யாருன்னு ஆரம்பிக்காத தாயி" என்றாள் பொன்னுத்தாய் அடுப்படியிலிருந்து, அமைதியாக. "எப்படி நடந்துச்சுன்னு கேளு."

ரம்யா வாயை மூடினாள். கேட்கவே தேவையில்லை. ஏன் ராஜினாமா? அவள் போகிறாள் என்று நினைத்ததால். ஏன் நினைத்தான்? அவள் பதில் சொல்லாததால். கடைசி 'ஏன்'னுக்கு விடையாக அந்தப் படுக்கையறைக் கதவு எதிரிலேயே நின்றது. இன்றைக்கு இரண்டாவது முறையாக எல்லாத் தடமும் அவளிடமே வந்து முடிந்தது.

"நான்தான் கதவைச் சாத்தினேன்" என்றாள். "போறதுக்காகச் சாத்தலைங்க. உங்களை விட்டுட்டுப் போக முடியாதேன்னு அழுகை வந்துச்சு, அதுக்காகச் சாத்தினேன்."

அஜய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். இந்தமுறை பனி காரணமில்லை. எனக்காக இந்த மலையையே விட்டு இறங்கத் துணிந்தவனிடமா ஐந்து நாள் உப்பையும் பாலையும் பேசிக்கொண்டிருந்தேன் என்று ரம்யாவுக்கு அவன்மேல் அப்படி ஓர் ஆசை பொங்கியது.

ஆனாலும் அவள் கணினிப் பிரிவின் தலைவி. மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"சரி, ஒண்ணும் கெட்டுப்போகலை. நாளைக்கே போய் ராஜினாமாவைத் திருப்பி வாங்கிருங்க. எச்.எம். உங்களை விடவா போறாங்க?"

"வாங்க முடியாது ரம்யா. என் இடத்துக்கு ஆள் போட்டாச்சு. திங்கக்கிழமை சேர்றாங்க."

"அதுக்குள்ளயா? யாரு?"

அஜய் வாயைத் திறந்தான். மேஜைமேல் ரம்யாவின் போன் அடித்தது. பகல் முழுக்க வெட்டிய பாவத்துக்கு அவள் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா! காலையில இருந்து கூப்பிடுறேன், எடுக்கவே மாட்டேங்கிற!" பூம்பாறையே அந்தப் போனுக்குள் சிரித்துக்கொண்டிருந்தது. "எனக்கு வேலை கெடச்சிருச்சுக்கா! கணக்கு டீச்சர்! எங்க தெரியுமா? மாமா ஸ்கூல்லயே! யாரோ ஒரு சாரு வெளியூர் போறாராம், அவரு எடமாம். அப்பா சந்தோஷம் தாங்காம பஸ் ஸ்டாப்புல நின்னவங்களுக்கெல்லாம் டீ வாங்கிக் குடுத்துட்டாரு. பரண் ஒழுகுறதைக்கூட மறந்துட்டாரு!"

ரம்யா அஜயைப் பார்த்தாள். அஜய் சாக்லேட் பெட்டியைப் பார்த்தான். அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றிருந்தது.

"மாமாதான் எச்.எம்.கிட்ட என் பேரைச் சொன்னாராமேக்கா? இனிமே நானும் மாமாவும் ஒரே ஸ்டாஃப் ரூம்! மாமா இருக்காரா? குடு, நானே சொல்றேன்."

பழையபடி ஆக்கும் வழியை எழுதாமல் எந்த மாற்றமும் நடக்காது என்று இன்று காலையில்தான் ரம்யா ஒரு வெளியாளிடம் மார்தட்டினாள்.

"ரொம்பச் சந்தோஷம்டி" என்றாள். அதில் பொய்யே இல்லை. போனை எடுத்து அஜயிடம் நீட்டினாள்.